ஜப்பான் பெட்டி, மெட்ராஸ் டிஸ்க், ரங்கூன் கரண்ட்

பழைய பெட்டிக்காரன், யாங்கூன்:

எந்த நாட்டு டிஸ்க்கைப் போட்டாலும் ஓடுகிற பழைய கேம் பெட்டி எது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பெயர் சொல்வதற்கு முன்னால் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அத்தை குடும்பம் 1960களில் கப்பலேறி மெட்ராஸ் போய்விட்டது. அத்தை மகன் பர்மா பஜாரில் கடை வைத்திருந்தார் (பர்மாவில் இருக்கிறவனுக்குப் பர்மா பஜாரிலிருந்து சாமான் வருகிற கூத்தை எங்கே போய்ச் சொல்ல). ஒரு தடவை நான் போனபோது பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் ஏழெட்டு கொடுத்தனுப்பினார், எல்லாம் ஒரிஜினல். ஜப்பான் செகண்ட் ஹேண்ட் சாமான்தான் யாங்கூனில் கொட்டிக் கிடக்கிறதே, பெட்டியை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வாங்கினேன். அடியில் எஸ்சிபிஎச் 30000 என்று ஸ்டிக்கர். கரண்ட் ஒத்துவருமா என்று கேட்டதற்குக் கடைக்காரர் "எல்லாம் ஓடும்" என்றார். வீட்டுக்கு வந்து செருகி, பின்பக்க சுவிட்சைத் தட்டியதும் டப் என்று ஒரு சத்தம், கருகல் வாடை, அவ்வளவுதான். ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. அதே ஸ்டிக்கரில் 100 வோல்ட் என்று போட்டிருந்தது, படிக்காமல் விட்டது நான்தான்.

இரண்டாவது தடவை மெலிசான மாடல், 70000. இதில் கரண்ட் பெட்டிக்குள் நேராகப் போகாது, வெளியே இருக்கிற அடாப்டர்தான் 8.5 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கும். அடாப்டரை மட்டும் 230க்கு ஏற்றதாக மாற்றினேன், பெட்டி எழுந்துவிட்டது. பிறகு வந்த 90000 மாடலில் மறுபடியும் உள்ளேயே வைத்துவிட்டார்கள், ஆகவே ஜப்பான் 90000 வாங்குகிறவர் 230ஐ 100 வோல்ட்டாக இறக்குகிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மரும் சேர்த்து வாங்க வேண்டும்.

சரி, மெட்ராஸ் டிஸ்க்கைப் போட்டேன். சிவப்புத் திரைதான் வந்தது, ஒரு நாட்டு டிஸ்க்கை இன்னொரு நாட்டுப் பெட்டி ஏற்காதபடி பூட்டு. இந்தியாவில் விற்றது ஐரோப்பாவோடு சேர்ந்த பால் (PAL என்ற டிவி முறை) டிஸ்க், என் பெட்டி ஜப்பான். மாடல் எண்ணின் கடைசி இலக்கம் 0 என்றால் ஜப்பான், 1 என்றால் அமெரிக்கா, 4 என்றால் ஐரோப்பா. டிஸ்க்கிலும் எழுத்து உண்டு. எஸ்எல்இஎஸ், எஸ்சிஇஎஸ் என்றால் ஐரோப்பா. எஸ்எல்யூஎஸ் அமெரிக்கா. எஸ்எல்பிஎஸ், எஸ்எல்பிஎம் ஜப்பான். இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் ஒரு பெட்டிக் காசு மிச்சம்.

கடைசியில் ஒரு நண்பர் ஃப்ரீ மெக்பூட் (வெளி மென்பொருளைப் பெட்டியில் ஓடவைக்கிற நிரல்) ஏற்றிய மெமரி கார்டு கொடுத்தார். என் டிஸ்க்குகளைக் கணினியில் நகலெடுத்து, ஓபன் பிஎஸ்2 லோடர் என்ற மென்பொருள் வழியாக ஓட்டினால் எந்த நாட்டுப் பூட்டும் இல்லை. முதலில் யூஎஸ்பியில் போட்டேன், பெட்டியில் இருப்பது மெதுவான பழைய யூஎஸ்பி 1.1 என்பதால் நடுவில் வரும் வீடியோக்கள் விக்கி விக்கி ஓடின. கணினியிலிருந்து நெட்வொர்க் கேபிள் இழுத்த பிறகு சுகம். 90000 வரிசையில் பின்னால் வந்த பெட்டிகளில் இந்தக் கார்டு எடுபடாது, அதையும் கேட்டு வாங்குங்கள்.

மௌல்மீன் தம்பி:

டிவியை மறந்துவிட்டீர்களே அண்ணே. நம் நாட்டுப் பழைய ஒளிபரப்பு அந்தக் கால ஜப்பான் மாதிரி என்டிஎஸ்சி என்ற டிவி முறை, அதனால் வீட்டிலிருந்த பழைய குண்டு டிவியில் சேகா சாட்டர்ன் என்கிற ஜப்பான் கேம் பெட்டியின் படம் கண்ணாடி மாதிரி வந்தது. மாமா கொண்டுவந்த பால் பெட்டியை இணைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகி மேலே மேலே உருண்டது. அது நொடிக்கு 50 தடவை படம் மாற்றும் (50 ஹெர்ட்ஸ்), நம் டிவி 60. இப்போதைய தட்டை டிவிகள் பல இரண்டையும் வாங்கிக்கொள்ளும். ஆனாலும் சரியாக மாற்றி எழுதாத பால் கேம்கள் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் நகரும். பந்தயக் கார் மாட்டுவண்டி மாதிரி போனால் யாருக்குப் பிடிக்கும்?

சாட்டர்னில் நாட்டுப் பூட்டை உடைப்பது எளிது. மேலே இருக்கிற கார்ட்ரிட்ஜ் ஓட்டையில் ஆக்‌ஷன் ரீப்ளே என்ற கார்ட்ரிட்ஜைச் செருகினால் போதும், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். என்ன, அந்த ஓட்டை தேய்ந்துபோயிருக்கும், நாலு தடவை ஆட்டி ஆட்டிச் செருகவேண்டும். பின்னால் மூடிக்குள் ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி இருக்கிறது, அது செத்தால் சேவ் எல்லாம் போச்சு. எனக்கு மூன்று மாத விளையாட்டு போனது.

இரண்டு பிள்ளைக்காரி:

என் தம்பி சிங்கப்பூரிலிருந்து பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) கொண்டுவந்தான். "அக்கா, இதுக்கு நாடே கிடையாது" என்றான். பிஎஸ்3 டிஸ்க்கைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி, அபூர்வமாக ஒன்று மாறலாம். ஆனால் என் பழைய பிஎஸ்1 டிஸ்க்கைப் போட்டால் பூட்டு அப்படியே இருக்கிறது, சினிமா டிவிடிக்கும் அதே கதை. பிள்ளைகளுக்குக் கையில் வைத்து விளையாடுகிற பிஎஸ்பி வாங்கிக்கொடுத்துவிட்டேன். அதன் குட்டி டிஸ்க்கில் கேம் என்றால் எந்த நாட்டினுடையதும் ஓடும், படம் என்றால் ஓடாது. கரண்ட் போனாலும் பேட்டரியில் கொஞ்ச நேரம் விளையாடுவார்கள், இங்கே அதுவும் ஒரு கணக்குதானே.

கேள்வி கேட்ட தம்பி:

எல்லோருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது பிஎஸ்1 டிஸ்க் எட்டு. பக்கத்து வீட்டு பிஎஸ்2வில் ஒன்றுகூட ஓடவில்லை.

பழைய பெட்டிக்காரன், யாங்கூன்:

அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள் தம்பி. பிஎஸ்1 ஒரிஜினல் கறுப்பாக இருக்கும். அதன் உள்விளிம்பில் எஸ்சிஇஐ, எஸ்சிஇஏ, எஸ்சிஇஇ என்று நாட்டுக்கு ஒரு நாலெழுத்தை, தடத்தையே லேசாக நெளித்துப் பதித்திருப்பார்கள். வீட்டில் சிடி எழுதுகிற டிரைவுக்கு அந்த நெளிவு வராது. அதனால் நகல் டிஸ்க் எந்த நாட்டுப் பெட்டியிலும் ஓடாது, பூட்டைத் தாண்டவைக்கிற சிப் பெட்டிக்குள் போட்டிருந்தால் ஒழிய.

கேள்வி கேட்ட தம்பி:

பார்த்தேன் அண்ணே. ஆறு வெள்ளி, இரண்டு கறுப்பு. கறுப்பில் ஒன்று எஸ்எல்பிஎஸ், இன்னொன்று எஸ்எல்யூஎஸ்.

பழைய பெட்டிக்காரன், யாங்கூன்:

அப்படியானால் ஜப்பான் ஒன்று, அமெரிக்கா ஒன்று. இரண்டும் 60 ஹெர்ட்ஸ், குண்டு டிவியே போதும். சிப் போட்ட வெள்ளைக் குட்டி பிஎஸ்ஒன் (பிஎஸ்1இன் பிற்காலச் சின்ன மாடல்) கிடைக்கிறதா பாருங்கள், அதற்கும் வெளி அடாப்டர்தான், 7.5 வோல்ட். ஸ்டிக்கரைப் படம் எடுத்து இங்கே போட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.