தெரு, குடிநீர்ப் பணிக்கான பங்களிப்பு: பணம் அனுப்பும் முன் மதிப்பீட்டை விவரமாகக் கேட்போம்

அன்புள்ள சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்த் தெருக்களையும் குடிநீர் வழங்கலையும் மேம்படுத்தும் பணிக்குச் சங்கத்தின் பங்களிப்பைக் கேட்டுப் பொருளாளர் அவர்கள் அனுப்பிய மடலையும், கீழவீதியிலும் சன்னதித் தெருவிலும் குடியிருப்போர் கையெழுத்திட்டு அனுப்பியுள்ள கேள்விகளையும் சேர்த்தே படித்தேன். ஊர்ப் பணிகளை மக்கள் பங்களிப்போடு செய்யும் தமிழக அரசின் நமக்கு நாமே திட்டத்தின்கீழ் மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் தர வேண்டும் என்பதால், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம்மிடம் கேட்பது இயல்பே. கொடுக்கவும் நமக்கு மனமிருக்கிறது. ஆனால் மொத்தத் தொகை மட்டும் ஒரே வரியில் எழுதப்பட்ட தாளை வைத்துக்கொண்டு பணம் அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தண்ணீர். புதிய மேல்நிலைத் தொட்டியும் பகிர்மானக் குழாய்களும் ஒருவருக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கில் திட்டமிடப்பட்டுள்ளன என்பது தெரியாமல், செலவு அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல இயலாது. மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர் வழங்கல் கையேடு, பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு 135 லிட்டர் என்றும், குழாய் வழங்கல் இருந்தும் பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு 70 லிட்டர் என்றும் அளவு வகுத்திருந்தது. நம் ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வரும் தண்ணீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. ஆகவே குழாயில் வரத்தைக் கூட்டிவிட்டு, வெளியேறும் நீர் எங்கே போகும் என்று சொல்லாத மதிப்பீடு, செலவில் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது. மீதியைச் சுமக்கப்போவது பாசன வாய்க்கால். மேலவீதிச் சாக்கடை இன்றைக்கும் அதில்தான் போய் விழுகிறது. அதே தண்ணீர்தான் ஊருக்குக் கிழக்கே நடவு வயல்களுக்குப் பாய்கிறது, அந்தச் சேற்றில் இறங்கி நிற்பவர்கள் நம் ஊர்ப் பெண்கள். இந்தக் கேள்விக்கு விடை வராமல் மற்ற எதைப் பற்றிப் பேசியும் பயனில்லை என்றே நான் நினைக்கிறேன்.

தெருவின் மட்டமும் அதே அளவுக்கு முக்கியம். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும், வீடுகள் தெருவுக்குக் கீழே போய்விடக் கூடாது என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். அந்தச் சுரண்டும் வேலைக்கு மதிப்பீட்டில் தனி வரி இருக்கிறதா என்று சன்னதித் தெருக்காரர்கள் கேட்பது முற்றிலும் நியாயமானது. ஏற்கெனவே அங்கே திண்ணைக்கு ஏறும் படிகள் பல வீடுகளில் புதைந்துவிட்டன. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருத் தண்ணீர் ரேழிக்குள் வருகிறது. அதற்காகத் தரையை உயர்த்தும் குடும்பங்கள் செய்யும் செலவு எந்த மதிப்பீட்டிலும் ஏறுவதில்லை, ஆனாலும் அது இந்தச் சாலையின் செலவுதான்.

சாலைப் பணியும் குழாய்ப் பணியும் இரு வேறு ஒப்பந்தங்களாக விடப்படுகின்றன என்று தெரிகிறது. குழாய், வடிகால், அதன் பின் சாலை என்ற வரிசை எழுத்தில் உறுதிசெய்யப்படாவிட்டால், புதுச் சாலையை வெட்டிக் குழாய் பதித்து, வெட்டிய இடத்தைச் செப்பனிடுவதற்கு இன்னொரு தொகை எழுதப்படும். பருவமும் பணத்தைத் தீர்மானிக்கிறது. நம் வாய்க்காலுக்கு நீர் தரும் மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம் என்பதால், வாய்க்காலைக் கடக்கும் குழாயையும் சிறுபாலத்தையும் பிப்ரவரி முதல் மே மாதத்துக்குள் முடிப்பதே சிக்கனம். பணி ஆணை தாமதமாகி ஆடியில் பள்ளம் தோண்டினால், மண் அணை போடவும் நீர் இறைக்கவும் தனிச் செலவாகும். நம் களிமண் ஊறிச் சரிந்தால் தோண்டியதையே மீண்டும் தோண்ட வேண்டியிருக்கும்.

குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தெருவுக்கு அடியில் போகிறதா என்று பெரியவர்கள் எழுதிக் கேட்டிருப்பதையும் ஒதுக்கிவிட வேண்டாம். தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்திலிருந்து அய்யன்குளத்துக்கு வரும் பழைய நிலத்தடி நீர்வழி, பொலிவுறு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தில் குளத்தைச் சீரமைத்தபோது கண்டறியப்பட்டது. நம் ஊரிலும் தெருவில் கான்கிரீட் போடும் முன் அப்படியொரு வழி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். தொட்டியின் மின்கட்டணத்தையும் இயக்குபவரின் ஊதியத்தையும் யார் தருவார்கள் என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்கு வழியிருக்கிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 இன்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். விரிவான மதிப்பீட்டின் நகலையும், பணி தொடங்கிய பின், செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேட்கலாம். பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் அச்சட்டம் இடமளிக்கிறது. நம்மில் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்பதால், ஊரில் இருப்பவர் ஒருவர் கையெழுத்திடுவதே நல்லது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி மக்கள் கூடிப் பேசுவதற்காக 2022இல் தொடங்கப்பட்ட பகுதி சபைக் கூட்டத்திலும் இதே கேள்விகளை வைத்து, அவற்றைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும்.

விரிவான மதிப்பீடு கைக்கு வரும்வரை இதுவரை சேர்ந்த தொகையைச் சங்கக் கணக்கிலேயே வைத்திருக்குமாறு பொருளாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பத்தின் வரைவை இந்த வார இறுதிக்குள் எழுதி அனுப்புகிறேன்; கீழவீதிப் பெரியவர்களில் யார் கையெழுத்திட இசைகிறார்கள் என்பதை அங்குள்ள உறவினர்கள் மூலம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
மேலவீதி உறுப்பினர், மஸ்கட்