சாண்ட்பாக்ஸுக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பெங்களூர் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அரசுத் துறைகளோடு சேர்ந்து வேலை செய்ய வரும் புத்தொழில் நிறுவனங்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். டெண்டர், முன்வைப்புத்தொகை விலக்கு, ஜெம் (அரசுக் கொள்முதல்) தளத்தில் பதிவு என்று 40 பக்கம் தடங்கல் இல்லாமல் ஓடியது. 41-ஆம் பக்கத்தில் 'சாண்ட்பாக்ஸ்' வந்தது, அதாவது புதியதை வெளியே பாதிப்பு இல்லாமல் சோதித்துப் பார்க்கும் இடம், நின்றுவிட்டேன். 'மணல்பெட்டி' என்று எழுதிப் பார்த்து நானே சிரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.
– ஒயிட்ஃபீல்டு

தம்பி, மணல்பெட்டி இல்லை, மணற்பெட்டி. தொட்டி என்று போனால் மணற்றொட்டி ஆகும், அதை எந்த அதிகாரியும் வாயால் சொல்ல மாட்டார். இரண்டுமே வேண்டாம். நம்மிடமே சொல் இருக்கிறது: சிற்றில். சிறுமிகள் மணலில் கட்டி விளையாடும் வீடு. கலித்தொகையில் 'மணற்சிற்றில்' என்றே வருகிறது, ஆண்பால் பிள்ளைத்தமிழில் அதற்கென்று ஒரு பருவமே உண்டு. கட்டலாம், கலைக்கலாம், நிஜ வீட்டுக்குச் சேதமில்லை. இன்னும் சொன்னால் ஏழாம் வேற்றுமை உருபான 'இல்'லே இந்த 'இல்'லிலிருந்து வந்ததுதான் என்பது என் நெடுநாள் கட்சி, அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.
– அல்சூர்

ஐயா, அழகான சொல்தான். ஆனால் அந்தப் பருவம் முழுக்க 'எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே' என்ற கெஞ்சல்தானே? தணிக்கைக்காரர் வந்து காலால் எத்திவிட்டுப் போவார் என்று கையேட்டிலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதோடு 'சிற்றிலில் சோதித்தோம்' என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். என் ஓட்டு 'வெள்ளோட்டம்'. புதுத் தேரைச் சாமி ஏறாமல் வெறுமனே இழுத்துப் பார்ப்பது, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல்.
– ஜெயநகர்

வெள்ளோட்டத்தில் 'வெள்' வெண்மையா, வெறுமையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.
– அல்சூர்

ஒயிட்ஃபீல்டு தம்பி, முதலில் எந்த சாண்ட்பாக்ஸ் என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று மென்பொருள்காரர்களுடையது. மருத்துவப் பதிவுகளுக்கான மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தோடு உங்கள் செயலியை இணைக்க வேண்டுமென்றால் முதலில் அவர்களுடைய சாண்ட்பாக்ஸில் ஓட்டிக் காட்ட வேண்டும். அங்கே இருப்பதெல்லாம் சோதனைத் தரவு, நோயாளி யாரும் இல்லை. இன்னொன்று சட்டக்காரர்களுடையது. பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் 2016-இல் இதைத் தொடங்கியது, நம் ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் இதற்கு விதிமுறை வெளியிட்டது, கர்நாடகம் 2020-இல் புத்தாக்க ஆணையத்துக்கென்று சட்டமே போட்டது. இதில் வாடிக்கையாளர் நிஜம், பணம் நிஜம். ஆள் எண்ணிக்கைக்கும் காலத்துக்கும் மட்டும் வரம்பு, சில விதிகளில் தளர்வு. அக்கா சொன்ன தேர்க் கணக்கில், முதலாவதில் சாமி ஏறவில்லை, இரண்டாவதில் சாமி ஏறியாயிற்று, ஆனால் ஒரே வீதியோடு சரி. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிக்கிற பையன் நிஜ மக்களின் தரவைக் கொண்டுபோய்ச் சோதனையில் கொட்டுவான்.
– கோரமங்களா

ஐயோ, 41-இல் முதலாவது, 56-இல் இரண்டாவது. ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.
– ஒயிட்ஃபீல்டு

இவ்வளவு பாடு எதற்கு? 'சாண்ட்பாக்ஸ்' என்றே எழுதுங்கள். தொல்காப்பியரே திசைச்சொல்லுக்கு, அதாவது வேறு பகுதியிலிருந்து வந்த சொல்லுக்கு, இடம் கொடுத்திருக்கிறார். இங்கே கன்னடத்தில் ஸ்டார்ட்அப்பை 'நவோத்யம' என்று வடமொழியில் எடுத்துப்போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். நாம் உட்கார்ந்து வேர் தோண்டுகிறோம்.
– ராஜாஜிநகர்

திசைச்சொல்லுக்கு இடம் கொடுத்தார் சரி, பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. கணினி, மென்பொருள், இணையம் எல்லாம் முதல் நாள் கேட்டபோது சிரித்தவர்கள்தான் இன்று மூச்சு விடாமல் சொல்கிறார்கள்.
– அல்சூர்

ஐயா சொல்வது நியாயம். ஆனால் கணினி பிழைத்தது சின்னதாக இருந்ததால். அதே காலத்தில் வந்த நீளமான சொற்கள் எத்தனை காணாமல் போயின! அப்புறம், வெள்ளோட்டம் என்றால் தேரோட்டம் என்று ஒன்று வந்தாக வேண்டும், அதுதான் எனக்கு அந்தச் சொல்லில் பிடித்தது.
– ஜெயநகர்

அக்கா, நாங்கள் ஒரு துறையோடு மூன்றாவது வெள்ளோட்டத்தில் இருக்கிறோம். தேரோட்டத்துக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.
– கோரமங்களா

வியாழன் இரவு ஆகிவிட்டது, முடித்துவிட்டேன். 41-இல் 'வெள்ளோட்டக் களம்', 56-இல் 'விதித்தளர்வுக் களம்'. இரண்டிலும் முதல் தடவை மட்டும் பக்கத்தில் சாண்ட்பாக்ஸ் என்று போட்டிருக்கிறேன். நான்கு பேர் சரி என்றீர்கள், அதில் இரண்டு பேர் அலுத்துப்போய்ச் சொன்னீர்கள் என்று தெரியும். நன்றி.
– ஒயிட்ஃபீல்டு

'விதித்தளர்வுக் களம்' என்றால் அங்கே விதியே இல்லை என்று படிப்பார்கள், பாருங்கள். என் கட்சி சிற்றில்தான். 'இல்' பற்றிய மடலை அனுப்பியிருக்கிறேன், 6 பக்கம்.
– அல்சூர்