கொப்பி அட்டை வைத்த சப்பாத்து

வன்னி ஆசிரியை:
2010இல், போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கிய கையோடு திறந்த ஒரு பாடசாலையில் நாலாம் தரத்துக்குப் படிப்பித்தேன். மிதிவெடியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த மாணவன் ஒருவன், காலைப் பிரார்த்தனையில் எப்போதும் வலப்பக்கம் சாய்ந்தே நிற்பான். "நேராக நில்" என்று பலமுறை அதட்டியிருக்கிறேன். ஒரு மழை நாளில் அவன் நனைந்த சப்பாத்தைக் கழற்றியபோது, ஜெய்ப்பூர் கால் எனப்படும் பொய்க்காலுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த கொப்பி அட்டை ஒன்று விழுந்தது. குட்டையாகிப்போன காலை உயர்த்த அவனே வைத்திருக்கிறான். அது நான் திருத்திக் கொடுத்த கணக்குக் கொப்பியின் அட்டை. அதன்பிறகு அதட்டவில்லை, ஆனால் அதட்டியதற்காக வருந்துகிறேன் என்று அவனிடம் சொல்லவும் இல்லை.

பொய்க்கால் செய்பவன், யாழ்ப்பாணம்:
நீங்கள் அதட்டியதை விட, அத்தனை மாதமாக எவரும் அவனுக்கு அளவெடுக்கவில்லை என்பதே என்னை உறுத்துகிறது. என்னிடமும் ஒரு சிறு அனுபவம் உண்டு. புதுக்கால் பொருத்த வந்த சிறுமி ஒருத்தி, பழையதைத் தர மறுத்து அழுதாள். 1968இல் ஜெய்ப்பூரில் வைத்தியர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய அந்த ரப்பர் பாதத்துக்கு விரல்களும் உண்டல்லவா? ஐந்து விரலுக்கும் அவள் நகப்பூச்சுப் பூசியிருந்தாள்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவை வேறு. கீழ்க்கால் போனாலும் முழங்காலுக்கு அருகிலுள்ள வளர்தகடு, அதாவது எலும்பை நீளச்செய்யும் பகுதி, தன் வேலையை நிறுத்துவதில்லை. பிள்ளை உயர உயரப் பொய்க்கால் மட்டும் அப்படியே நிற்கும். ஐந்து வயதுவரை ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறையும், பன்னிரண்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டிவரும். தொடக்கத்தில் எஞ்சிய காலுக்குக் காலுறைகளைக் கூடுதலாகப் போட்டு, அது பருக்கப் பருக்க ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். பொய்க்காலைக் கழற்றி இருபது நிமிடமாகியும் தோலின் சிவப்பு மாறாவிட்டால், புண்ணாகும்வரை காத்திராமல் உடனே கொண்டுவாருங்கள்.

ஒரு தாய், முல்லைத்தீவு:
"உடனே கொண்டுவாருங்கள்" என்று எழுதுவது எளிது, ஐயா. எங்களுக்கு அது பேருந்தில் கழியும் ஒரு முழு நாள். அன்றைய கூலியும் இல்லை. கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். சிவப்பைக் காணாமல் நாங்கள் இருக்கவில்லை.

நீங்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. வெட்டிய இடத்தில் எலும்பு தோலை முந்திக்கொண்டு, பென்சில் முனைபோலக் கூராக வளரும். என் மகனுக்கு அதற்காகவே இரண்டு தடவை சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டாம் தடவை, "இன்னும் வெட்டினால் என்ன மிஞ்சும்?" என்று கேட்டான். வைத்தியர் கட்டிலோரம் குந்தி, நுனியை மட்டும் நகம் வெட்டுவதுபோல எடுப்பதாகத் தன் பெருவிரலைக் காட்டிச் சொன்னார். அவன் அந்த விரலைப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நகம் வெட்டினால் நோகாதே, டொக்டர்" என்றான்.