பிளஸ் டூ முடிந்தது, ‘நீங்கள் எப்படி வளர்ந்தீர்கள்’ என்று கேட்டால் என்ன எழுதுவது?

அடுத்து_என்ன:

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில் முடிந்துவிட்டது, ரிசல்ட்டுக்கு மே வரை காத்திருக்க வேண்டும். ஊர் தேனிப் பக்கம், அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் மீடியம், பயோ-மேத்ஸ். இன்ஜினியரிங் கவுன்சிலிங், கலைக் கல்லூரி இரண்டுக்கும் போடப்போகிறேன். அதோடு டியூஷன் அண்ணன் ஒருவர் சொன்னார் என்று, உதவித்தொகை தருகிற ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தையும் திறந்து வைத்திருக்கிறேன். அதில் மார்க், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளிப் படிப்பு முடியும் இந்த நேரத்தில் ஒரு மனிதராக நீங்கள் எப்படி வளர்ந்திருக்கிறீர்கள் என்று 500 சொற்களுக்குள் எழுத வேண்டுமாம், தமிழிலும் எழுதலாமாம்.

இதில்தான் மாட்டிக்கொண்டேன். தன்னம்பிக்கை, விடாமுயற்சி, நேர மேலாண்மை என்று ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் ஆண்டு விழாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது போல இருக்கிறது. உண்மையைச் சொன்னால் இந்த இரண்டு வருடமும் காலையில் ஸ்பெஷல் கிளாஸ், பகலில் பள்ளி, சாயங்காலம் டியூஷன், ராத்திரி புக் பேக் ஒரு மார்க் கேள்வி, அவ்வளவுதான். நடுவில் எங்கே வளர்ந்தேன் என்று யோசித்தால் உயரம்கூட வளரவில்லை. அம்மாவிடம் கேட்டேன், ‘வாய் வளர்ந்திருக்கு, அதை எழுது’ என்கிறார்.

நீங்கள் எல்லாம் பிளஸ் டூ முடித்து வெளியே வந்தபோது உங்களுக்குள் என்ன மாறியிருந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? சும்மா ‘உன் மனதைக் கேள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கேட்டுவிட்டேன், அது தூங்கிவிட்டது.

பிப்பெட்_வாத்தியார்:

வணக்கம்மா. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், பதினொன்று பன்னிரண்டு இரண்டுக்கும். நீ எழுதிய பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்காமலேயே தெரிகிறது, பிரிவு உபசார விழாவில் எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் பேசுவார்கள், தப்பு அவர்கள்மேல் இல்லை, நாங்கள்தான் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பழக்கி வைத்திருக்கிறோம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பிராக்டிகலில் பருமனறி பகுப்பாய்வு, அதாவது டைட்ரேஷன், உனக்கும் இருந்திருக்கும். பிப்பெட்டில் 20 மில்லி எடுத்து குடுவையில் விட்டு, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, மேலே பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், வெளிறிய ரோஸ் நிறம் போகாமல் நின்றால் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினால் நிறம் அடர்ந்துவிடும். லேபில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும், நன்றாகப் படிக்கிற ஒருத்திக்கு என்ன வேல்யூ வந்ததோ அது வரிசை முழுக்கக் காதோடு காதாகப் போகும், கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் ஒரே ரீடிங். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், பிளஸ் ஒன் ஜூனில் வந்தபோது பியூரெட்டைக் கழுவுவதற்குக்கூட ‘சார், இது சரியா சார்’ என்பாள். ஒவ்வொரு வரிக்கும் கேட்பாள், பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்க்காமல் ஒரு எண்ணையும் எழுத மாட்டாள். மறு வருடம் மாடல் பிராக்டிகலில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு எண்ணைச் சொல்ல, இவளுக்கு அரை மில்லிக்கு மேல் குறைவாக வந்தது. பியூரெட்டின் பக்கத்தில் குனிந்து கண் மட்டத்துக்கு வைத்து மறுபடி பார்த்தாள், இன்னொரு முறை டைட்ரேஷன் செய்தாள், அதே எண், எழுதிவிட்டுப் போய்விட்டாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் எண் சரியா தப்பா என்பதை விடு (சரிதான், ஆனால் அது இல்லை விஷயம்). தன் கண்ணால் பார்த்ததை நம்புகிற இடத்துக்கு வந்துவிட்டாள். இதைத் தன்னம்பிக்கை என்று ஒரே சொல்லில் எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆகவே சொல்லைத் தேடாதே, செயலைத் தேடு. பிளஸ் ஒன் சேர்ந்த ஜூனில் நீ யாரிடம் கேட்காமல் எதைச் செய்ய மாட்டாய், யார் முன்னால் பேச மாட்டாய் என்று யோசி. குரூப்பை யார் எடுத்தார்கள், நீயா, அப்பாவா, பக்கத்து வீட்டு மாமாவா? இன்றைக்கு அதே கேள்வி வந்தால் யார் முடிவெடுப்பார்கள்? இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று நடந்திருக்கும், அந்த ஒன்றை மட்டும் எழுது.

ஆயிரத்து_இருநூறு:

வாத்தியார் சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் கொஞ்சம் குறுக்கே வருகிறேன்.

நான் பிளஸ் டூ முடித்தது மொத்த மார்க் 1200 ஆக இருந்த காலத்தில், 2019-இல் தான் பன்னிரண்டாம் வகுப்புக்கு 600 என்று குறைத்தார்கள். அப்போதெல்லாம் ரிசல்ட் அன்றைக்கு மாநில முதலிடம் வந்த பிள்ளையின் வாயில் அம்மா ஸ்வீட் ஊட்டுகிற போட்டோ பேப்பரில் வரும். பேட்டியில் எல்லோரும் ஒரே பதில்தான், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நன்றி, டாக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன். 2017-இல் அந்த முதலிடம் அறிவிக்கிற வழக்கத்தை நிறுத்தினார்களே, அரசாங்கம் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. ஆனால் அந்தப் பேட்டி மட்டும் எல்லோர் தலைக்குள்ளும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

என் கேள்வி வேறு. அந்த இரண்டு வருடத்தில் எதெல்லாம் நின்றுபோனது என்று ஏன் யாரும் கேட்பதில்லை? நான் பத்தாவது வரை வரைந்துகொண்டிருந்தேன். திருவிழாவுக்கு வரும் ராட்டினம், மாட்டு வண்டி, எங்கள் தெரு டீக்கடைக்காரர் டீ ஆற்றுகிற கை, எல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பிளஸ் ஒன்னில் ‘இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றார்கள், பி.டி. பீரியடை மேத்ஸ் சார் எடுத்துக்கொண்டார், நூலகப் பீரியடை பிசிக்ஸ் சார் எடுத்துக்கொண்டார், அப்புறம் என்கிற அந்த நாள் வரவே இல்லை. மார்க் வந்தது, வேலையும் வந்தது. கையில் பென்சிலைக் கொடுத்தால் இன்றைக்கு ஒரு வட்டம்கூட ஒழுங்காக வராது. இதையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்க்க வேண்டுமா வேண்டாமா?

அந்தப் பெட்டியில் அப்பா அம்மா புகழ் பாடாமல், எது போனது, அதில் எதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்று எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். அப்படி எழுதினால் சீட் தர மாட்டார்கள் என்றால் அந்த இடம் உனக்கு எதற்கு?

ஆல்பாஸ்_2021:

அண்ணன் சொன்ன கடைசி வரி மட்டும் எனக்குச் சரியில்லை, உதவித்தொகை கிடைத்தால்தான் படிப்பு என்று இருக்கிற வீட்டில் ‘அந்த இடம் எதற்கு’ என்று சொல்ல முடியாது.

நான் பிளஸ் டூ பரீட்சையே எழுதாத பேட்ச். பிளஸ் ஒன்னில் லாக்டவுன் வந்து கடைசிப் பேப்பர் நடக்கவில்லை, பிளஸ் டூவில் முழுப் பரீட்சையும் ரத்து. பத்தாவதிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டில் பிராக்டிகலும் இன்டர்னலும் சேர்த்து 30 என்று கணக்குப் போட்டு மார்க் கொடுத்தார்கள். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் ‘நீ அந்த கொரோனா பாஸ்தானே’ என்பார்கள், இன்டர்வியூவில்கூட ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

எனக்கு ஃபேர்வெல் கிடையாது, கடைசி நாள் சட்டையில் இங்க் அடிப்பது கிடையாது, ஸ்லாம் புக்கும் கிடையாது. பள்ளி எப்போது முடிந்தது என்றே தெரியாமல் முடிந்துவிட்டது. டி.சி. வாங்கப் போனால் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வெளியே வரிசையில் நிற்கச் சொன்னார்கள், பின்னால் நிற்பவன் என் கிளாஸா இல்லையா என்றே தெரியவில்லை.

அந்த நேரத்தில் பக்கத்து மொபைல் கடையில் வேலைக்குப் போனேன். போனுக்குக் கண்ணாடி ஒட்டுவது, ரீசார்ஜ் போடுவது. ஒரு பாட்டி பேரனின் ஆன்லைன் கிளாசுக்குச் சீட்டுக் காசை எடுத்து வந்து போன் கேட்டார், ஓனர் இருப்பதிலேயே விலை கூடியதைக் காட்டச் சொன்னார், நான் பாட்டியிடம் ‘இந்த ரெண்டாயிரம் கம்மியானதே போதும் ஆயா’ என்று ஓனர் முன்னாலேயே சொன்னேன். அன்றைக்குத் திட்டு விழுந்தது, ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. பள்ளியில் வாத்தியார் போர்டில் தப்பாகக் கூட்டியிருந்தாலும் வாயைத் திறக்காத ஆள் நான். கேட்டால் இதைத்தான் சொல்வேன். மார்க்கைக் காட்டி நிரூபிக்க எனக்கு ஒன்றும் இல்லை, அதனாலேயே எனக்கு இது சுலபமாகத் தெரிகிறதோ என்னவோ.

ஸோ, பள்ளிக்கு உள்ளேதான் தேட வேண்டும் என்று இல்லை சகோ.

யாழ்_சைக்கிள்:

நான் இலங்கை, வடமராட்சிப் பக்கம். எங்களுக்குப் பள்ளிக்கூடம் முடிவது 13ஆம் தரத்தில், உயர்தரப் பரீட்சையோடு. இந்தப் பெட்டிக் கேள்வியெல்லாம் எங்கட பல்கலைக்கழகத்தில் கேட்கமாட்டினம், பரீட்சைப் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணிக்கிற இசட் புள்ளியும் மாவட்டமும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கேட்டிருந்தால் எழுதுவதற்கு என்னிடம் கனக்க இருந்தது.

எங்கட 2022 உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது, பெறுபேறு வர செப்டம்பர் ஆகிவிட்டது. நாங்கள் படித்ததே நெருக்கடிக் காலத்தில், எரிபொருள் இல்லை, மின்வெட்டு. அப்பா கடற்தொழில், படகுக்கு மண்ணெண்ணெய் வேண்டும், அவர் கடலுக்குப் போய்வந்து படுக்கிற நேரம் வரிசையில் நிற்பது என்ர வேலை. பௌதிகவியல் கொப்பியையும் கொண்டுபோவேன். வரிசையில் ஆட்கள் இடையில் புகுகிறார்கள் என்று சண்டை வர, பெயர்ப் பட்டியல் எழுதுவோம் என்று முடிவெடுத்தார்கள், கையில் பேனையோடு நின்றது நான் ஒருவன்தான், ‘தம்பி நீ எழுது’ என்று விட்டார்கள். கொப்பியின் பின்பக்கத்தில் இலக்கம் போட்டு எழுதத் தொடங்கினேன். அடுத்தநாள் என்ர சொந்தச் சித்தப்பா வந்து, தன்ர பெயரை மேலே போடச் சொன்னார். சனம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. ‘சித்தப்பா, உங்கட பெயர் கடைசியில் இருக்கு, எங்கட பெயருக்கும் பின்னால்தான்’ என்றேன். அவர் கனநாள் எங்கட வீட்டுப் பக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வரிசையில் பெரிய ஆட்களே என்னிடம் வந்து ‘தம்பி, எப்ப எங்கட முறை’ என்று கேட்பார்கள்.

தங்கச்சி, உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு வரிசை இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கோ.

அடுத்து_என்ன:

எல்லோருக்கும் நன்றி. யாழ் அண்ணா வரிசை என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது, ஆனால் இது எழுதுகிற அளவுக்குப் பெரிய விஷயமா என்று தெரியவில்லை.

பிளஸ் டூவுக்கு நாமினல் ரோல், அதாவது பரீட்சை எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியல், சரிபார்க்கிறபோது எங்கள் கிளாஸ் மிஸ் எல்லோரையும் ஆதாரோடு வரச் சொன்னார்கள். என் பத்தாவது சான்றிதழில் இனிஷியல் சரியாக இருக்கிறது, ஆதாரில் தாத்தா பெயரின் எழுத்து இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் இத்தனை வருடமாக அதைக் கவனிக்கவில்லை. இப்படியே விட்டால் காலேஜில் உதவித்தொகை வாங்க முடியாமல் போகும் என்றார் மிஸ். அப்பா லீவு போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவுக்குத் தோட்ட வேலை, ஆபீஸ் என்றாலே கையைக் கட்டிக்கொள்வார். கவுன்ட்டரில் இருந்தவர் பேப்பரைப் பார்க்காமலேயே ‘இது செல்லாது, அப்புறம் வாங்க’ என்றார், அப்பாவும் ‘சரிங்க சார்’ என்று திரும்பிவிட்டார். அடுத்த முறையும் அதேதான், சர்வர் இல்லை என்றார்கள்.

அப்புறம் அரையாண்டு லீவில் நான் மட்டும் போனேன். அதே ஆள், அதே பதில். எந்தப் பேப்பர் செல்லும், அந்த லிஸ்டைக் காட்டுங்கள் சார், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். எரிச்சலோடு சுவரைக் காட்டினார், அங்கே நோட்டீஸ் ஒட்டியிருந்தது, அதன்மேல் காலண்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள். காலண்டரைத் தூக்கிப் பார்த்தால் நான் கொண்டுபோன சான்றிதழ் அதில் இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கி ஸ்கேன் செய்தார். வெளியே வந்ததும் கை நடுங்கியது, பஸ் ஸ்டாண்டில் சர்பத் குடித்தேன். வீட்டில் அப்பா ‘எப்படிம்மா முடிஞ்சது’ என்று கேட்டார், சர்வர் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவரை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று தோன்றியது.

இதை எழுதினால் அப்பாவைக் குறைத்துச் சொன்ன மாதிரி ஆகுமா?

ஆயிரத்து_இருநூறு:

ஆகாது. அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்கிற இடம்தான் எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கிறது, அதைத் தூக்கிவிடாதே. சர்பத்தும் இருக்கட்டும். மற்றபடி என் பென்சில் கதையை மறந்துவிடு, உனக்கு அது தேவையில்லை.

பிப்பெட்_வாத்தியார்:

இதையே எழுதும்மா, தமிழிலேயே எழுது. முன்னுரை வேண்டாம், காலண்டரைத் தூக்கிப் பார்த்த இடத்திலிருந்து தொடங்கினாலும் சரி. அந்த ஆள் யார், எந்த ஆபீஸ் என்பதெல்லாம் வேண்டாம். கடைசியில் ‘இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது’ என்று ஒரு பத்தி சேர்க்கக் கை வரும், சேர்க்காதே.

அப்புறம் ரிசல்ட் வந்து டி.சி. வாங்கும்போது கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்னால் அதிலும் இனிஷியலைப் பார்த்துவிடு.