அம்மாவை வாரம் இரண்டு நாள் தஞ்சாவூர் அழைத்துப் போக இரண்டே கால் லட்சத்தில் பழைய கார், எதை எடுக்கலாம்?

கொள்ளிடக்கரை

வணக்கம். எனக்கு ஊர் திருப்பனந்தாள் பக்கம். அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூரில் டயாலிசிஸ். போக வர நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது, வாடகைக் கார் ஒரு தடவைக்கு 2,000 ரூபாய்க்குக் குறைவதில்லை, மாதம் பதினாறாயிரம் அதற்கே போய்விடுகிறது. அதனால் ஒரு பழைய கார் எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். நகையை வைத்தது, சீட்டு எடுத்தது எல்லாம் சேர்த்துக் கையில் இருப்பது 2.25 லட்சம், இதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. கார் ஓட்டத் தெரியும், ஆனால் வாங்கிப் பழக்கமில்லை.

பார்த்து வைத்திருப்பது மூன்று.

2012 வேகன்ஆர், இரண்டாவது ஓனர், மீட்டரில் 68,000. கும்பகோணத்தில் ஒரு புரோக்கர் 2.15 சொல்கிறார். வண்டி பளபளவென்று இருக்கிறது.

2012 ஐ10, 1.1 பெட்ரோல், சிங்கிள் ஓனர், ரிட்டயர்ட் வாத்தியார். 94,000 ஓடியிருக்கிறது, 1.85 சொல்கிறார். பின் பம்பரில் கீறல், பெயின்ட் மங்கல்.

2013 ஃபிகோ டீசல், 1.90. மைலேஜ் நன்றாக வரும் என்கிறார்கள்.

எனக்கு மனசு வேகன்ஆரில்தான் இருக்கிறது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அம்மா துவண்டு போயிருப்பார், அந்த நேரத்தில் வண்டி நடுவழியில் நின்றுவிடக் கூடாது, அது ஒன்றுதான் எனக்கு முக்கியம். எதை எடுக்கலாம், எதைப் பார்க்க வேண்டும், சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்

தம்பி, கரூரில் இருபது வருஷமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அங்கேதான் தவறுகிறார்கள். 2.25 இருக்கிறது என்றால் 2.25-க்குக் கார் வாங்கக் கூடாது. முப்பத்தைந்து, நாற்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். பழைய வண்டி எதுவாக இருந்தாலும் முதல் மூன்று மாதத்தில் டயர், பேட்டரி, கிளட்ச், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று ஏதாவது வந்தே தீரும், அந்த நேரத்தில் கையில் காசில்லாமல் தேய்ந்த டயரோடு ஓட்டுவதுதான் ஆபத்து. ஆக உங்கள் உண்மையான பட்ஜெட் 1.85. புரோக்கர் சொல்லும் 2.15 அப்போதே தாண்டிப் போகிறது.

டீசல் வேண்டாம். மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பெட்ரோலே போதும். டீசலில் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம், ஆனால் இந்த வயது வண்டியில் ஒரு இன்ஜெக்டரோ டர்போவோ போனால் ஒரு வருஷ மிச்சமும் ஒரே நாளில் போய்விடும். தவிர, ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக 2021-லேயே அறிவித்துவிட்டது. வண்டி நல்ல வண்டிதான், ஆனால் உங்கள் ஊர்ப் பக்கம் எந்தத் தெரு மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கை வைக்கிற வண்டி மாருதியும் ஹூண்டாயும்தான்.

மீதி இரண்டும் நல்ல மாடல்கள். வேகன்ஆரில் இருப்பது கே10 இன்ஜின், உள்ளே வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் செயின், அதாவது இரும்புச் சங்கிலி, தொல்லை குறைவு. ஐ10 1.1-ல் அதே வேலைக்கு ரப்பர் பெல்ட், டைமிங் பெல்ட் என்பார்கள். அதை மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் மாடலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்தக் குறிப்பிட்ட வண்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காலையில் போங்கள், வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முதல் வேலை பானெட்டில் கையை வைப்பது. சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போதுதான் உண்மையைச் சொல்லும்: நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, நிற்காத வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள், காபி நுரை மாதிரி படிந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். அப்புறம் பானெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் உரிந்திருந்தால் பானெட்டைக் கழற்றியிருக்கிறார்கள், முன்பக்கம் அடி வாங்கிய வண்டியா என்று துருவிப் பார்க்க வேண்டும். பளபளப்பை நம்பாதீர்கள் தம்பி. பட்டி போட்டு பெயின்ட் அடிக்க நான்கு நாள் போதும்.

பொருநை

அண்ணா சொன்னது எல்லாம் சரி. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் வீட்டில் நடந்தது.

2016 கோடையில் மதுரையில் ஒரு வியாபாரியிடம் சென்னைப் பதிவு கார் ஒன்று வாங்கினோம். உள்ளே புது சீட் கவர், புது மேட், நல்ல வாசனை. ஆறு மாதத்தில் ஒரு கண்ணாடி ஏறவில்லை, பிறகு மீட்டர் போர்டில் லைட் தானாக எரிந்து அணைந்தது, ஏசி போட்டால் சேற்று நாற்றம். கடைசியில் கயத்தாறு தாண்டி ராத்திரி பத்து மணிக்கு வண்டி மொத்தமாக நின்றது, மடியில் இரண்டு வயதுப் பிள்ளை, பக்கத்தில் லாரிகள் பறக்கின்றன. மறுநாள் மெக்கானிக் வந்து ஒன்றுமே பேசாமல் டிரைவர் சீட் பெல்ட்டை முழுவதும், கடைசி வரை வெளியே இழுத்தார். மேலே எல்லாம் கறுப்பு. கடைசி ஒரு சாண் மட்டும் காய்ந்த சேறு ஏறிப் பழுப்பாக இருந்தது, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி. சீட் கவரை மாற்றியவர்கள் பெல்ட்டை மாற்றவில்லை.

அதனால் நான்கு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள், சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று போன் லைட் அடித்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் எங்கள் தூத்துக்குடி, நெல்லைப் பக்கமும் எவ்வளவோ வண்டிகள் மூழ்கின, சென்னையிலும் அதே மாதம் புயலில் மூழ்கின. அவை எல்லாமா காயலாங்கடைக்குப் போயிருக்கும்?

இன்னொன்று, வாங்குவதற்கு முன்னால் அம்மாவை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள் தம்பி. என் மாமியாருக்கு ஆல்டோவில் இருந்து எழுந்திருக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும், சீட் அவ்வளவு தாழ்வு. உங்கள் அம்மா களைப்போடு இறங்குவார், இது சின்ன விஷயம் இல்லை.

ஆர்டிஓ வாசல்

காகிதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சொந்த உபயோகக் காருக்குப் பதிவுத் தேதியில் இருந்து 15 வருஷம்தான் ஆர்.சி. செல்லும். 2012 வண்டி என்றால் 2027-ல் முடியும், அதன் பிறகு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம், முதல் தடவை புதுப்பிக்கும் கட்டணமே 5,000, பசுமை வரி தனி. விலை பேசும்போது இதைச் சொல்லிப் பேசுங்கள்.

அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, லோன் இருக்கிறதா எல்லாம் தெரியும், பாக்கி சலானும் பாருங்கள். லோன் இருந்தால் கடன் பாக்கி இல்லை என்ற வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் இருந்து லோனை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்கவே கூடாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் விற்பவர் உங்கள் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். புரோக்கர் ஏற்கனவே வாங்கி வைத்த கையெழுத்து என்றால் விலகி வந்துவிடுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனருக்கு க்ளெய்ம் எதுவும் கேட்காததற்காகக் கிடைத்த தள்ளுபடி (நோ க்ளெய்ம் போனஸ்) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தையும் கட்ட வேண்டும்.

கொள்ளிடக்கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு வண்டியையும் ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருவரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வேகன்ஆர்: காலை ஏழு மணிக்குப் போனோம், பானெட் சூடு. 68,000 ஓடிய வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து ஓரத்தில் இரும்பு தெரிகிறது. சர்வீஸ் சென்டரில் விசாரித்ததில் 2021-லேயே 1,12,000 என்று பதிவாகியிருக்கிறது. புரோக்கரிடம் கேட்டேன், மீட்டர் மாற்றினோம் என்றார். வந்துவிட்டேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

ஐ10: வாத்தியார் ஒரு பிளாஸ்டிக் பையில் 2012-ல் இருந்து எல்லா பில்லும் வைத்திருந்தார். குளிர்ந்த இன்ஜின், ஒரே செல்ஃபில் எடுத்தது, புகை இல்லை. சீட் பெல்ட்டுகள் சுத்தம். ஆனால் டைமிங் பெல்ட் மாற்றிய பில் மட்டும் இல்லை. டயரில் 3117 என்று இருக்கிறது, அப்படியென்றால் 2017-ன் 31-வது வாரத்தில் செய்த பழைய டயர் என்றார் மெக்கானிக் அண்ணன். இதைச் சொல்லிப் பேசியதில் 1.68-க்குச் சம்மதித்தார். அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தேன், கதவு மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவரே இறங்கினார். நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பட்டறைக்காரன்

கொடுங்கள் தம்பி, நல்ல வண்டி. முன்பணத்துக்கு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வண்டியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். டெலிவரி எடுத்ததும் நேராகப் பட்டறைக்குப் போய் டைமிங் பெல்ட், அதோடு அந்தப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். அடுத்த நாள் நான்கு டயர், டயரில் புதுத் தேதி பார்த்து வாங்குங்கள். ஆயில், கூலன்ட் இரண்டும் புதிது. இவ்வளவும் முடித்து நீங்கள் மட்டும் தனியாகத் தஞ்சாவூருக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள், ஏசி போட்டுக்கொண்டு, டெம்பரேச்சர் முள்ளைக் கவனித்தபடி. அதற்கடுத்த தடவை அம்மாவை ஏற்றுங்கள்.