ஸ்கூட்டர் டிக்கி திறக்கல, பிளாஸ்டிக் உடையாம எடுக்க வழி சொல்லுங்க

பாம்பன்_கரை:
110 சிசி ஸ்கூட்டர், எப்பவும் கடலோரத்துலயே நிக்கிற வண்டி. சாவியைச் சீட் பக்கம் திருப்பினா திரும்புது, கடைசியில கனமா இருக்கு, "டக்"னு சத்தம் வரல. ஹெல்மெட்டும் ஆர்சியும் உள்ள. பெட்ரோல் மூடியும் சீட்டுக்கு அடியிலதான். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பலாமா?

தங்கச்சிமடம்_ஸ்பேனர்:
நெம்பவே நெம்பாதீங்க அண்ணே. சீட்டோட அடித்தட்டு பிளாஸ்டிக். பின்னாடி நெம்பினா லாக் விடாது, முன்னாடி கீல் காதுதான் பிளக்கும்.

சாவி கனக்குதுன்னா கேபிள் அறுந்து போகல. அறுந்திருந்தா லொடலொடன்னு சும்மா திரும்பும். பெரும்பாலும் ஹெல்மெட்தான் காரணம். அது சீட்டை மேல தள்ளும்போது சீட்டுல இருக்கிற யூ கம்பி, வண்டியில இருக்கிற லாக் கொக்கியை இறுக்கிப் பிடிச்சுக்கும். ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் டெயில் லாம்புக்கு நேர் மேல ரெண்டு உள்ளங்கையும் வச்சு உடம்பு எடையைப் போட்டு அமுக்கணும். அமுக்கின பிறகுதான் அடுத்தவர் சாவியைத் திருப்பிப் பிடிச்சுக்கணும். சாவியை விடாமலே அமுக்கினவர் கையை மெதுவா எடுக்கணும். முதல்ல திருப்பிட்டு அப்புறம் அமுக்கினா இழுப்பு முழுக்கச் சாவி மேல ஏறும். சாவி முறுக்கிற மாதிரி தெரிஞ்சா நிறுத்திடுங்க.

பாம்பன்_கரை:
செஞ்சு பாத்தாச்சு. ஒரு நூல் அளவு அசையுது, விடல.

கீழக்கரை_ஒர்க்‌ஷாப்:
அப்போ கொக்கி துருவுல ஒட்டியிருக்கு. டபிள்யூடி-40 டப்பாவோட வர்ற மெல்லிய குழாயைச் சீட்டுக்கும் டெயில் பேனலுக்கும் நடுவுல விட்டு ரெண்டு மூணு தடவை அடிங்க. 20 நிமிஷம் ஊறட்டும். பிறகு சீட்டை அமுக்கி அமுக்கி விட்டு மறுபடி சாவி போடுங்க. பக்கத்துல பெட்ரோல் டேங்க்: பீடி, லைட்டர், டிரில் எதுவும் கூடாது.

அதுக்கும் மசியலன்னா பின் கைப்பிடி போல்ட்டைக் கழட்டி (மாடலைப் பொறுத்து 10 இல்ல 12 ஸ்பேனர்) டெயில் பேனலை எடுக்கணும். ஸ்டார் ஸ்க்ரூ துருப்பிடிச்சிருக்கும். எண்ணெய் விட்டு, அழுத்திப் பிடிச்சுத் திருப்புங்க. தலை வழுக்க ஆரம்பிச்சா அதோட விட்டுட்டு இம்பாக்ட் டிரைவர் (சுத்தியலால தட்டித் திருப்புற ஸ்க்ரூடிரைவர்) உள்ளவர்கிட்ட போங்க. பேனலை நேரா இழுத்தா உள்காது ஒடியும், எந்தப் பக்கம் நழுவுதுன்னு பாத்துத் தள்ளணும். உள்ள கொக்கியோட சின்ன நாக்கு தெரியும், கேபிள் முனைக் குண்டு அதுலதான் மாட்டியிருக்கும். கேபிள் இழுக்கிற திசையிலேயே குறடால நாக்கை இழுத்தா சீட் எந்திரிக்கும்.

தங்கச்சிமடம்_ஸ்பேனர்:
திறந்ததும் உடனே கிரீஸ் தடவிடாதீங்க. எண்ணெய்ல உப்பு கரையாது, துரு உள்ளேயே வளரும். பழைய பல் பிரஷ்ஷை நல்ல தண்ணியில நனைச்சுக் கொக்கியைத் தேய்ச்சுக் கழுவி, வெயில்ல நல்லா காய வச்ச பிறகு கிரீஸ். கேபிளை உறையோட சேத்து மாத்துங்க. உறை விரிசல் வழியா உப்புத் தண்ணி இறங்கி உள்கம்பி பிரிஞ்சிருக்கும்.

சீட்டை மூடுறதுக்கு முன்னாடி ஸ்க்ரூடிரைவரால கொக்கியை அமுக்கிப் பூட்டி, சாவியால விடுதான்னு அஞ்சாறு தடவை பாத்துக்குங்க. இதைச் செய்யாம மூடினா மறுபடி முதல்லேருந்து வரணும்.

கீழக்கரை_ஒர்க்‌ஷாப்:
பேனல் கழட்டின கையோட அந்த நாக்குல தடிமனான தங்கூசி நரம்பு (மீன் பிடிக்கிற நைலான் இழை) ஒண்ணைக் கட்டி, மட்கார்டுக்கு உள்பக்கம் வெளியே தெரியாம விடுங்க. அடுத்த தடவை சாவி கைவிட்டா அதை இழுத்துத் திறக்கலாம். அது துருப்பிடிக்காது. கொஞ்சம் தொய்வா இருக்கணும், இறுக்கிக் கட்டினா கொக்கி பூட்டாது. நுனி டயர்ல படாமப் பாத்துக்குங்க.