புதுப்பிப்பு: செம்பனைத் தோட்டத்தில் பெர்சீட் விண்கற்கள் தெரிந்தன

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்திலிருந்து பெர்சீட் விண்கல் பொழிவு தெரியுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். வடக்கு நாடுகளில்தான் சரியாகத் தெரியும் என்று பலர் சொன்னீர்கள். ஆகஸ்ட் 13 விடியற்காலை இங்கேயே அருமையாகத் தெரிந்தது!

இடம்தான் முதல் சிக்கல். வளர்ந்த செம்பனை வடக்கு வானத்தை முழுசாக மறைத்துவிடும். அதனால் மறுநடவு செய்த பகுதிக்குப் போனோம். அங்கே கன்றுகள் இடுப்பளவுதான், ஆலை விளக்கும் முதுகுப்பக்கம். (தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். நீங்களும் சொல்லிவிட்டுப் போங்கள்.)

அடுத்தது நேரம். விண்கற்கள் கிளம்புவதுபோல் தோன்றும் புள்ளி வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் போகும் கோடு) 58 பாகை வடக்கே இருக்கிறது. நமக்கு அது நள்ளிரவுக்குப் பிறகே எழும், விடியும்போதும் ஏறக்குறைய 35 பாகை உயரம்தான். மணிக்கு 100 விண்கற்கள் தெரியும் என்று சொல்வது, அந்தப் புள்ளி உச்சியில் இருந்தால் வரும் கணக்கு. நமக்குப் பாதி கிடைத்தாலே பெரிது. நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை பாருங்கள்.

ஸ்விஃப்ட்-டட்டில் வால்மீன் விட்டுச்சென்ற தூசு நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் வந்து எரிகிறது. ஒன்று மறைந்த பிறகும் அதன் தடம் மினுங்கிக்கொண்டே இருந்தது. என் தங்கை கத்தியேவிட்டாள்.

அப்புறம், டிசம்பர் 14 ஜெமினிட் விண்கல் பொழிவு நமக்கு இன்னும் வசதி. அது கிளம்புவதுபோல் தோன்றும் புள்ளி 60 பாகைக்கு மேல் ஏறும். கோலகங்சார் பக்கம் இருப்பவர்கள் வருவதானால் சொல்லுங்கள்.